அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போகிறீர்களா? டிக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஸ்பெயினில் கிரனாடா நகரத்துக்கு மேலே, குன்றின்மீது இருக்கிறது அல்ஹம்ப்ரா அரண்மனை. போன மே மாதம் நானும் மனைவியும், ஆறு வயது மகளும், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவுமாக ஐந்து பேர் போனோம். கையில் டிக்கெட் இருந்தது. அப்படியிருந்தும் அரண்மனை வாசலில் எங்களை உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற பெண் எங்கள் டிக்கெட்டில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார். ‘ஹார்தினெஸ்’. தோட்டங்கள் என்று அர்த்தம். நாங்கள் வாங்கியிருந்தது தோட்டத்துக்கும் கோட்டைக்கும் மட்டுமான டிக்கெட். அரண்மனை அதில் சேரவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. “இவ்வளவு தூரம் வந்தாச்சு, வெளியிலேயாவது நின்னு பார்ப்போம்” என்றார் அம்மா. ஆனால் வெளியே நின்றால் வெறும் மதில்தான் தெரியும். இந்த அரண்மனையின் அழகு முழுக்க உள்ளேதான் இருக்கிறது. அப்புறம் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, அடுத்த ஊரில் போட்டிருந்த அறைப் பணத்தை இழந்து, புதிதாக டிக்கெட் வாங்கி ஒருவழியாகப் பார்த்தோம். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அல்ஹம்ப்ரா என்பது ஒரே கட்டடம் இல்லை. குன்று முழுக்கப் பரவியிருக்கும் ஒரு வளாகம். டிக்கெட் சோதனை நடப்பது மூன்று இடங்களில்.

முதலாவது, நஸ்ரி வம்சத்து முஸ்லிம் சுல்தான்கள் கட்டிய நஸ்ரி அரண்மனைகள். பலகைகளில் ‘பலாசியோஸ் நசாரியெஸ்’ என்று எழுதியிருக்கும். சிங்க முற்றம், தூதுவர் மண்டபம், நீண்ட குளத்தோடு கூடிய முற்றம் என்று படங்களில் நாம் பார்த்து ஏங்குவதெல்லாம் இங்கேதான். இரண்டாவது, அல்கசாபா என்ற பழைய கோட்டை. மூன்றாவது, ஹெனராலிஃபே. அது சுல்தான்களின் கோடை மாளிகையும் தோட்டமும். சற்றுத் தள்ளி எதிர்மேட்டில் இருக்கிறது.

இதில் அல்கசாபாவுக்கும் ஹெனராலிஃபேவுக்கும் அன்று பகலில் உங்களுக்கு வசதியான நேரத்தில் போகலாம். நஸ்ரி அரண்மனைகளுக்கு மட்டும் டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தில்தான் போக வேண்டும். அரை மணிக்கு ஒரு கூட்டமாக, எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் டிக்கெட் இருந்தும் பயன் இல்லை. ஆகவே உங்கள் ஸ்பெயின் பயணத் திட்டத்தையே அந்த ஒரு நேரத்தை மையமாக வைத்துத்தான் போட வேண்டும். நாங்கள் விமானம், அறை, மற்ற ஊர்கள் எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகு கடைசியில் டிக்கெட்டைத் தேடினோம். முதல் தவறே அதுதான்.

2. எந்த டிக்கெட் வாங்க வேண்டும்

பல வகை இருக்கிறது. பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் நிதானமாகப் படியுங்கள்.

பொது டிக்கெட்டில், அதாவது ‘அல்ஹம்ப்ரா ஹெனரால்’ என்பதில், மூன்று இடங்களும் சேரும். விலை சுமார் 20 யூரோ. முதன்முறை போகிறவர்களுக்கு இதுதான்.

தோட்டங்கள், ஹெனராலிஃபே, அல்கசாபா என்ற டிக்கெட் அதில் ஏறக்குறையப் பாதி விலை. நஸ்ரி அரண்மனைகள் இதில் கிடையாது. நாங்கள் ஏமாந்தது இதில்தான். டிக்கெட்டில் ‘நசாரியெஸ்’ என்ற சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு நேரமும் இருந்தால்தான் அரண்மனைக்குள் போக முடியும். அந்த நேரம் இல்லாவிட்டால் அது உங்களுக்கு வேண்டிய டிக்கெட் இல்லை.

இரவு டிக்கெட்டும் உண்டு. அதிலும் இரண்டு வகை: அரண்மனைக்குத் தனி, தோட்டத்துக்குத் தனி. இரவு அரண்மனை டிக்கெட்டில் கோட்டையும் தோட்டமும் சேராது. வெயில் காலத்தில் செவ்வாய் முதல் சனி வரை இரவு 10 மணிக்குத் தொடங்கும். குளிர்காலத்தில் வெள்ளி, சனி மட்டும், இரவு 8 மணிக்கு.

‘தோப்லா தெ ஓரோ’ என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. அல்ஹம்ப்ராவோடு, நகரத்துக்குள் இருக்கும் பழைய குளிப்பு மண்டபம் போன்ற சில சிறிய கட்டடங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். பொது டிக்கெட்டைவிடச் சில யூரோ அதிகம். இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு மிகவும் லாபம் என்பேன்.

12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பணம் கிடையாது. ஆனால் டிக்கெட் கண்டிப்பாக வேண்டும். “குழந்தைக்கு இலவசம்தானே” என்று விட்டுவிட்டுப் போனால், குழந்தைக்கென்று இடம் மிச்சம் இருக்காது. பெரியவர்களுக்கு வாங்கும்போதே பூஜ்ய விலையில் குழந்தையையும் சேர்த்துவிடுங்கள்.

3. எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது

அரண்மனையை நிர்வகிக்கும் அரசு அமைப்புக்குப் ‘பத்ரோனாதோ’ என்று பெயர். அதன் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்கள் பார்வைக்கு அரசுத் தளம் மாதிரியே இருக்கும். இணைய முகவரியில் ‘பத்ரோனாதோ’ என்ற சொல் இருக்கிறதா, முகவரி ஸ்பெயின் நாட்டுக்குரிய ‘இஎஸ்’ எழுத்துகளில் முடிகிறதா என்று பாருங்கள். நாங்கள் வேறொரு தளத்தில் வாங்கினோம். பெரிய எழுத்தில் அல்ஹம்ப்ரா என்று போட்டு, சிங்க முற்றத்தின் படத்தையும் போட்டு, தோட்ட டிக்கெட்டை அசல் விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்றார்கள். ‘அரண்மனை உட்புறம் சேராது’ என்ற வரி கீழே எங்கேயோ சின்ன எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். பணம் திரும்பி வரவில்லை.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போவதாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். குளிர்காலத்தில் கொஞ்சம் சுலபம். ஆனாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் ஈஸ்டர் வாரத்திலும் சீக்கிரமே தீர்ந்துவிடும். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் அரண்மனை மூடியிருக்கும்.

இந்திய வங்கி அட்டையில் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலான அட்டைகளில் முதலிலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி செயலிக்குள் போய் அதை இயக்கிவிட்டுத்தான் டிக்கெட் பக்கத்தைத் திறக்க வேண்டும். நடுவில் போய்த் தேடிக்கொண்டிருந்தால் தளம் தரும் நேரம் முடிந்து, பிடித்து வைத்த இடம் போய்விடும். ஓடிபி வரும் சிம் எந்தப் போனில் இருக்கிறதோ அதுவும் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்நியச் செலாவணிக் கட்டணமாக வங்கி கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு தேதியையோ நேரத்தையோ மாற்றலாம் என்று நம்பாதீர்கள். மாற்ற முடியாது என்றே நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

4. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும்: நம்மவர்கள் தடுமாறும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிக்கெட் ஒவ்வொன்றும் ஒருவர் பெயரில் இருக்கும். வாங்கும்போது எல்லோருடைய பெயரும் அடையாள ஆவண எண்ணும் கேட்பார்கள். அங்கே வாசலில் அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள்.

ஸ்பெயின்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர், ஒன்று அப்பா வழி, இன்னொன்று அம்மா வழி. நமக்கோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். அந்தப் படிவத்தில் இனிஷியலுக்கு இடம் கிடையாது. நான் கண்ட வழி இது: பாஸ்போர்ட்டில் புகைப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில், அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கும். உங்கள் பெயர் அங்கே எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே படிவத்தில் போடுங்கள். பேஸ்புக்கில் எழுதுவதுபோல, அலுவலகத்தில் அழைப்பதுபோலப் போட வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். என் அம்மாவுக்கும் அப்படித்தான். படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காவிட்டால், சொந்தப் பெயரையே இரண்டு கட்டங்களிலும் போடலாம். நாங்கள் அப்படித்தான் போட்டோம். எந்தக் கேள்வியும் வரவில்லை. புள்ளியோ தனி எழுத்தோ போடாதீர்கள். பெயரில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் எண் சரியாக இருந்தால் பேசிப் புரியவைக்கலாம். எண் தப்பாக இருந்தால் சிரமம்.

அந்த எண்ணிலும் ஒரு குழப்பம் வரும். ஆங்கில ‘ஓ’ எழுத்தா, பூஜ்யமா? இந்திய பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரே ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். எனவே முதல் எழுத்துக்குப் பிறகு வரும் வட்டம் எதுவானாலும் அது பூஜ்யம்தான். ஆவண வகை கேட்கும் இடத்தில் ‘பசபோர்த்தே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘தெஎனெஇ’ என்பது ஸ்பெயின் குடிமக்களின் அடையாள அட்டை. அது நமக்குப் பொருந்தாது.

இன்னொன்று, டிக்கெட் வாங்கிய பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறிவிடும். அப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஜனவரியில் பழைய எண்ணில் டிக்கெட், மார்ச்சில் புதுப் பாஸ்போர்ட், மே மாதம் பயணம். நுழைவாயிலில் எண் ஒத்துவரவில்லை என்று நிறுத்தினார்கள். நல்ல வேளையாகப் புதுப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட் எண் அச்சாகியிருந்தது. அதைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், பிறகு டிக்கெட் வாங்குங்கள். முடியாமல் போனால் பழைய பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்று அசல் பாஸ்போர்ட் வேண்டும். போனில் இருக்கும் படமும் நகலும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதியிடம் படம் மட்டும்தான் இருந்தது. அவர்களைத் தனியாக ஓரம் கட்டி நிற்க வைத்தார்கள். அந்த அம்மாவின் முகம் இன்னும் மனசில் நிற்கிறது. குழந்தையின் பாஸ்போர்ட்டையும் மறக்காதீர்கள்.

5. விசா

நீங்கள் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில், ஒன்றில் வேலை பார்த்து, அங்கே வசிப்பிட அட்டை வைத்திருந்தால் தனி விசா தேவையில்லை. பாஸ்போர்ட், வசிப்பிட அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வசிக்கிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 வயது நிறைந்து 12 வயது நிறையாத குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பதினைந்து நாள் முன்பு வரை. ஆனால் கோடையில் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம். மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில் பலர் தப்பு செய்கிறார்கள். அதிக நாள் தங்கப்போவது எந்த நாட்டிலோ அந்த நாட்டுக்கு. பெற்றோர் பிள்ளை வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு நான்கு நாள் ஸ்பெயின் போவதாக இருந்தால், பிள்ளை இருக்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தங்கும் நாட்கள் சமமாக இருந்தால், முதலில் இறங்கும் நாடு.

விசா வருமுன் அல்ஹம்ப்ரா டிக்கெட் வாங்கலாமா? வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். விசா வரட்டும் என்று காத்திருந்தால் டிக்கெட் தீர்ந்துவிடும். விசா கிடைக்காமல் போனால் ஆளுக்கு 20 யூரோ நஷ்டம், அவ்வளவுதான். விமானத்துக்கு மட்டும், விசா கையில் வரும்வரை, முழுப் பணம் கட்டாத முன்பதிவே போதும்.

6. எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் பாதி வரை காலை 8:30 முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள்.

பெரியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் காலை 8:30 அல்லது 9 மணி நேரத்தையே பிடியுங்கள். வெயில் ஏறுமுன் அரண்மனையை முடித்துவிடலாம். கூட்டமும் குறைவு. குளத்தில் கோபுரத்தின் நிழல் அசையாமல் விழுவதைப் பார்க்கக் காலைதான் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மதியம் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நம்மூர் வெயிலைப் பார்த்தவர்கள்தானே என்று அலட்சியம் வேண்டாம். மேட்டில் ஏறி இறங்கும் வெயில் அது. குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு. பக்கத்திலேயே பனிமலை இருப்பதால் காலையில் கை விறைத்துவிடும். அப்போது 11 மணிக்குப் பிறகு போவது நல்லது.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். அந்த வார இறுதியில் போகிறவர்கள் கைக்கடிகாரத்தை நம்பாமல் போனைப் பார்த்துக் கிளம்புங்கள்.

ஸ்பெயினுக்குள் வரும் அன்றே அரண்மனை நேரத்தை வைக்காதீர்கள். மாட்ரிடிலிருந்து கிரனாடாவுக்கு அதிவேக ரயிலிலேயே மூன்றரை மணி நேரம் ஆகிறது. மலகா விமான நிலையத்தில் இறங்கினால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பக்கம். ஒரு விமானம் தாமதமானால் எல்லாம் போய்விடும். முதல் நாளே வந்து தூங்கி எழுந்து போங்கள்.

7. குன்றின்மேல் போவது

நகர மையத்தில் இசபெல் லா கத்தோலிக்கா சதுக்கத்திலிருந்து சி30, சி32 எண் சின்ன பஸ்கள் மேலே போகின்றன. கட்டணம் 2 யூரோவுக்கும் குறைவு. பிளாசா நுவேவா என்ற சதுக்கத்திலிருந்து நடந்தும் போகலாம். மரங்கள் அடர்ந்த அழகான வழி. ஆனால் நல்ல ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

எங்கே இறங்குவது என்பது முக்கியம். டிக்கெட் கவுன்டர் இருக்கும் முதன்மை நுழைவாயில் ஹெனராலிஃபே பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து நஸ்ரி அரண்மனை வாசலுக்குப் பதினைந்து, இருபது நிமிடம் நடக்க வேண்டும். டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்தால் அங்கே போக வேண்டியதே இல்லை. நீதி வாயில், அதாவது ‘புவெர்த்தா தெ லா ஹுஸ்திசியா’ நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிடத்தில் அரண்மனைப் பக்கம் வந்துவிடலாம். டாக்சிக்காரரிடமும் இந்தப் பெயரையே சொல்லுங்கள். வெறுமனே “அல்ஹம்ப்ரா” என்று சொன்னால் மேல் நுழைவாயிலில் கொண்டுபோய் விடுவார். அப்புறம் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

8. அன்றைய நாளை நடத்துவது

டிக்கெட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளிலும் அச்செடுத்து வையுங்கள். மேலே சில இடங்களில் இணையம் மந்தமாக இருந்தது.

குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக மேலே இருங்கள். முதலில் கழிப்பறை. நஸ்ரி அரண்மனைக்குள் கழிப்பறை கிடையாது. உள்ளே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பக்கத்தில் இருக்கும் ஐந்தாம் சார்லஸ் அரண்மனையை ஒட்டிய பகுதியில் முடித்துவிட்டு வாருங்கள். பெரியவர்களோடும் குழந்தையோடும் போகிறவர்களுக்கு நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியமாக இருக்கக்கூடும்.

பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. முதுகுப் பை இருந்தால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள், சுவரில் உரசக்கூடாது என்பதற்காக. குழந்தை தள்ளுவண்டியை வெளியே விட வேண்டும். கேமரா முக்காலியும் ஃபிளாஷும் கூடாது. படம் எடுக்கலாம். சுவரைத் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். அந்தச் சுதை வேலை அவ்வளவு நுணுக்கமானது. கை ஈரம் பட்டுப் பட்டே பாழாகும்.

உள்ளே போய்விட்டால் யாரும் விரட்டுவதில்லை. நுழையத்தான் நேரக் கட்டுப்பாடு, வெளியே வர இல்லை. ஆகவே அவசரமே வேண்டாம். எல்லோரும் சிங்க முற்றத்தை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் தூதுவர் மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே கூரை ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைக் கோத்துச் செய்தது. கண் இருட்டுக்குப் பழகப் பழக அந்தக் கூரையில் விண்மீன் வடிவங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்பா அங்கே கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். தேக்கு வேலை தெரிந்த மனிதர் அவர். “ஒரு ஆணி தெரியலையேடா” என்றார். அந்த இரண்டு நாள் அறைப் பணம் அப்போதே எனக்கு மறந்துபோனது.

சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்களை எண்ணச் சொன்னால் குழந்தைகள் சலிக்காமல் இருப்பார்கள். அதன் இரு பக்கத்து அறைகளுக்குள்ளும் போய் அண்ணாந்து பாருங்கள். தேன்கூடு தொங்குவதுபோன்ற விதானம். திரும்பி வரும் வழி கிடையாது. ஒரே திசையில் நடந்து பார்த்தால் தோட்டத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். மறுபடி உள்ளே போக முடியாது. எனவே வீட்டாரில் யாராவது பின்தங்கினால் உள்ளேயே காத்திருங்கள்.

வெளியே வந்ததும் அந்தத் தோட்ட வழியாகவே ஹெனராலிஃபேவுக்கு நடந்துவிடலாம். நிழலும் வாய்க்கால் தண்ணீர்ச் சத்தமுமாக இருக்கும். அல்கசாபா அரண்மனை வாசலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதை அரண்மனைக்கு முன்னாலேயே பார்ப்பது கால் வலியை மிச்சப்படுத்தும். அரண்மனைக்குக் காலை 10 மணி கிடைத்தவர்கள் 8:30க்கே வந்து அதை முடித்துவிடலாம். 8:30 கிடைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அரண்மனையை முடித்துத் திரும்பி வந்து பாருங்கள், அல்லது கோபுரம் ஏற முடியாதவர்கள் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒருமுறைதான் அனுமதி என்பது நினைவில் இருக்கட்டும்.

மொத்தமாக மூன்றரை, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கல் பாவிய தரை, நடுநடுவே படிகள். பிடிமானமுள்ள காலணி போடுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

9. டிக்கெட் தீர்ந்துபோயிருந்தால்

மனம் தளராதீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தோட்ட டிக்கெட்டோடு ஏமாந்த அன்று இரவு, அதிகாரப்பூர்வத் தளத்தை மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் ஒன்றும் இல்லாத தேதியில் நள்ளிரவுக்கு மேல் சில இடங்கள் வந்தன. இரண்டு நாள் கழித்து, காலை 8:30. ஐந்து பாஸ்போர்ட் எண்களையும் ஒரு தாளில் எழுதித் தயாராக வைத்திருந்ததால் உடனே போட முடிந்தது. நீங்களும் எழுதி வைத்துக்கொண்டே உட்காருங்கள்.

பகல் டிக்கெட் தீர்ந்தாலும் இரவு அரண்மனை டிக்கெட் மிச்சம் இருக்கக்கூடும். அதையும் மறுநாள் தோட்ட டிக்கெட்டையும் சேர்த்து வாங்கினால் மூன்று இடங்களையும் பார்த்ததாகிவிடும். ‘கிரனாடா கார்டு’ என்ற நகர அட்டைக்குத் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள். அதை வாங்கும்போதே அரண்மனை நேரத்தையும் குறிக்க வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் பேராலயம் முதலிய இடங்களும் அதில் சேரும். கடைசி வழி, உரிமம் பெற்ற வழிகாட்டியோடு குழுவாகப் போவது. வாங்குமுன் ‘நஸ்ரி அரண்மனைகள் உண்டா’ என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லையா? டிக்கெட் இல்லாமலே நீதி வாயில் வழியாக உள்ளே நடக்கலாம். ஐந்தாம் சார்லஸ் அரண்மனையின் வட்ட முற்றத்தைப் பார்க்கலாம். மசூதிக் குளியல் மண்டபமும் இலவசம்தான்.

10. சாயங்காலம்

மேலே இருந்து சி32 பஸ் ஏறினால் எதிர்க்குன்றில் இருக்கும் அல்பைசின் பகுதிக்குக் கொண்டுபோய்விடும். அங்கே சான் நிக்கோலாஸ் என்ற பார்வை மேடை இருக்கிறது. காலையில் உள்ளே நின்று பார்த்த அரண்மனை முழுவதையும் பனிமலைப் பின்னணியில் ஒரே பார்வையில் காணலாம். பொழுது சாயும்போது மதில் சிவப்பாக மாறும். அரை மணி முன்பே போய் இடம் பிடியுங்கள், கூட்டத்தில் பாஸ்போர்ட் பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருக்கள் குறுகல், செங்குத்து. இருட்டிய பிறகு பெரியவர்கள் அதில் நடந்து இறங்குவது கஷ்டம். அதனால் மேலே போகும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.